ஹெட்லைட் பல்பு ஏன் நிலைப்பதில்லை? விடைகளும் அவற்றின் எல்லைகளும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து வந்து, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரமே வாகனம் செய்யும் ஊராகிவிட்டது. செய்த வாகனங்களை இரவு பகலாக வேலை வாங்கும் ஊரும் இதுதான். ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகளும் வேன்களும், உதிரிபாகம் சுமக்கும் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் டிரெய்லர்களும் இந்தச் சாலைகளில் இருட்டில்தான் பெருமளவு ஓடுகின்றன. அதனால் "போன மாசம் மாத்தின பல்பு அதுக்குள்ள எப்படிப் போச்சு?" என்ற கேள்வி இங்கே சில்லறைக் கேள்வி அல்ல. ஒரு கண் அணைந்த லாரியை எதிரே வருபவர் இருசக்கர வாகனம் என்று எண்ணி ஒதுங்காமல் வந்தால், இழப்பு ஒரு பல்பின் விலையோடு நிற்காது.

இந்தக் கேள்விக்கு விடைகள் பல உண்டு. டைனமோ அதிகமாகச் சார்ஜ் கொடுக்கிறது என்பார் ஒருவர். கண்ணாடியைக் கையால் தொட்டுவிட்டார்கள் என்பார் இன்னொருவர். சாலை மோசம், தண்ணீர் இறங்கிவிட்டது, ஹோல்டர் லூஸ், பல்பு டூப்ளிகேட், நிறுவனங்களே ஆயுளைக் குறைத்துச் செய்கின்றன என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் இரண்டு தனிக் கேள்விகள் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எந்தப் பல்பும் ஏன் ஒருநாள் போகிறது என்பது முதல் கேள்வி. இந்த வண்டியின் பல்பு மட்டும் ஏன் அதற்கு முன்பே போகிறது என்பது இரண்டாவது. ஒன்றின் விடையை மற்றதற்குச் சொல்வதால்தான் பல்பு மாறுகிறதே தவிரக் காரணம் மாறுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேய்வு: எல்லாப் பல்புக்கும் பொதுவானது

முதல் கேள்விக்கான விடை மின்விளக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது. எடிசன் காலத்துக் கார்பன் இழை வண்டியின் குலுக்கலைத் தாங்கவில்லை. 1904இல் ஹங்கேரியில் யூஸ்ட், ஹனாமன் இருவரும் டங்ஸ்டன் இழையைக் கொண்டுவந்தார்கள். எளிதில் நொறுங்கிய அந்த உலோகத்தைக் கம்பியாக இழுக்கும் வழியை அமெரிக்காவில் கூலிட்ஜ் கண்டுபிடித்தார். 1912 மாடல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு மின்விளக்கையும் சேர்த்தே வந்தது. அடுத்த ஆண்டு லாங்மியூர், பல்புக்குள் வாயுவை நிரப்பினால் டங்ஸ்டன் ஆவியாவது மட்டுப்படும் என்று காட்டினார். இந்த ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரே எதிரியோடு நடந்த சண்டை: சூடேறிய இழை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தேய்கிறது.

அந்த வரிசையில் வந்ததுதான் ஹாலஜன் பல்பு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபிரிட்ரிச், வைலி இருவருக்கும் 1959இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய கார்களில் எச்1 பல்பு வந்தது. ஒரே பல்புக்குள் டிம், பிரைட் என இரண்டு இழைகள் கொண்ட எச்4 1971இல் வந்தது. இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் கரியாகப் படியாமல், அயோடின் அல்லது புரோமினோடு சேர்ந்து மீண்டும் இழைப் பக்கமே திரும்புகிறது. இதைக் கேட்டதும் ஹாலஜன் இழை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். திரும்பும் டங்ஸ்டன், போன இடத்துக்கே வந்து சேர்வதில்லை. இழையின் சூடு குறைந்த பகுதிகளிலேயே அதிகம் படிகிறது. எங்கே இழை சற்று மெலிந்திருக்கிறதோ அங்கே மின்தடை கூடுகிறது, சூடு கூடுகிறது, ஆவியாதலும் கூடுகிறது. அதனால் அந்த இடம் இன்னும் மெலிகிறது. ஹாலஜன் சுழற்சி கண்ணாடியைச் சுத்தமாக வைத்து, அதே ஆயுளுக்கு அதிக வெளிச்சம் தர வழி செய்தது. மெலிந்த இடம் மேலும் மெலிவதை அது நிறுத்தவில்லை.

இதற்கு மேல் கணக்கு மணிக்கணக்குதான். பல்பின் ஆயுளைத் தயாரிப்பாளர்கள் இரண்டு எண்களால் சொல்கிறார்கள்: சோதித்த பல்புகளில் 3 விழுக்காடு போய்விடும் நேரம் ஒன்று, 63 விழுக்காடு போய்விடும் நேரம் மற்றொன்று. வாகன ஹாலஜன் பல்புகளுக்கு இவை பொதுவாகச் சில நூறு மணி அளவில் இருக்கும். ஒரு பேச்சுக்கு 500 மணி என்று வைத்துக்கொள்வோம். தினம் அரைமணி நேரம் மட்டும் இருட்டில் ஓட்டும் சொந்தக் கார்க்காரருக்கு அது ஏறத்தாழ மூன்று ஆண்டு. இரவுக்கு நான்கு மணி நேரம் ஓடும் கம்பெனி வேனுக்கு 125 இரவுகள், அதாவது நான்கே மாதம். இரண்டு வண்டியிலும் பழுது எதுவும் இல்லை, ஆனால் ஒருவர் மட்டும் பல்பு அடிக்கடி போவதாக உணர்கிறார். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட் அணையாமல் எரிய வேண்டும் என்ற விதி வந்ததால், பகல் மணிகளும் இந்தக் கணக்கில் ஏறிவிட்டன. ஒரு பக்கப் பல்பு போன சில வாரங்களில் மறுபக்கமும் போவதைக் கண்டு வயரிங்கைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. ஒரே நாளில் பொருத்தி, ஒரே மின்னழுத்தத்தில், ஒரே அளவு நேரம் எரிந்த இரண்டு பல்புகள் ஏறத்தாழ ஒன்றாகப் போவதுதான் எதிர்பார்க்க வேண்டியது.

மின்னழுத்தம்: வலுவான விடை, தவறான பழி

இரண்டாவது கேள்விக்குச் சொல்லப்படும் விடைகளில் மின்னழுத்தமே மிக வலுவானது. 12 வோல்ட் பல்பு என்று பெயர் இருந்தாலும், அதன் ஆயுள் சோதிக்கப்படுவது 13.2 வோல்ட்டில், ஓடும் வண்டியில் ஆல்டர்னேட்டர் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை தருகிறது. இழைவிளக்கின் ஆயுள் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 13ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது இத்துறையின் பழைய கைக்கணக்கு. அதன்படி, பல்பு முனையில் 13.2க்குப் பதில் 14.4 வோல்ட் கிடைத்தால் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிறது. வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 12.6 வோல்ட் மட்டும் கிடைத்தால் ஆயுள் ஏறத்தாழ 80 விழுக்காடு கூடும், வெளிச்சம் 15 விழுக்காடு குறையும். சின்ன மாற்றங்களுக்கே இந்தக் கைக்கணக்கு பொருந்தும். ஹாலஜனில் அடுக்கு எண் பல்புக்குப் பல்பு மாறும். ஆனாலும் அது காட்டும் திசையில் ஐயமில்லை. சில புதிய கார்களில் கட்டுப்பாட்டுக் கணினியே பல்புக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை வெட்டி, சராசரியைச் சோதனை அளவுக்கு அருகில் நிறுத்துகிறது. மின்னழுத்தம்தான் முதல் காரணம் என்று வடிவமைப்பாளர்கள் கருதுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இந்த விடை தவறாகப் பயன்படுவது, எடுத்த எடுப்பில் ஆல்டர்னேட்டரைக் குற்றவாளியாக்கும்போது. பழைய டைனமோவின் கட்-அவுட் காலத்தில் மின்னழுத்தம் தறிகெட்டு ஏறியது உண்மை. இன்றைய மின்னணு ரெகுலேட்டர் பழுதானால் பல்பு மட்டும் போகாது. பேட்டரி நீர் வற்றும், பின்விளக்கும் மீட்டர் விளக்கும் சேர்ந்து போகும். ஹெட்லைட் மட்டும் போகிறது என்றால் ஐயம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். இங்கே பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. வெளிச்சம் போதவில்லை என்று ரிலே கிட் போட்டுத் தடித்த வயர் இழுத்தால், முன்பு மெல்லிய வயரிலும் சுவிட்சிலும் கரைந்துபோன அரை வோல்ட் இப்போது நேராகப் பல்புக்கு வந்து சேர்கிறது. வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். அது ரிலேயின் குற்றம் அல்ல, வாங்கிய வெளிச்சத்தின் விலை. கடைகளில் கிடைக்கும் "கூடுதல் வெளிச்ச" பல்புகளும் இதே பேரத்தைத்தான் செய்கின்றன: அதே வாட்டில் அதிக ஒளி, குறைந்த மணிகள்.

வெயிலைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. ஏறத்தாழ 2,900 டிகிரியில் எரியும் இழைக்குச் சித்திரை வெயிலின் 40 டிகிரி பொருட்டே அல்ல. பல ரெகுலேட்டர்கள் சூடு கூடும்போது சார்ஜ் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைக்கவும் செய்கின்றன. வெப்பம் தாக்குவது இழையை அல்ல, ஹோல்டர் பிளாஸ்டிக்கையும் பல்பின் அடிப்பகுதி முத்திரையையும். குவார்ட்ஸ் பல்பில் கண்ணாடியையும் கம்பியையும் இணைக்கும் மாலிப்டினத் தகடு 350 டிகிரியைத் தாண்டிய சூட்டில் காற்றுப் பட்டால் ஆக்சிகரணம் அடையும். எனவே வெப்ப வாதத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அதன் இடத்தைச் சரியாகக் குறித்தால் போதும்.

சுவிட்ச் போடும் நொடி

பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதுதான் போகிறது. ஆகவே சுவிட்ச் போடுவதே அதைக் கொல்கிறது என்ற வாதம் பழையது. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. ஆனால் புதிய இழை அதை எளிதாகத் தாங்குகிறது. ஏற்கெனவே மெலிந்த இடம்தான், உலோகம் குறைவாக இருப்பதால் மற்ற பகுதிகளை முந்திக்கொண்டு சூடேறி உருகிவிடுகிறது. அதாவது சுவிட்ச் போடும் நொடி, தேய்ந்து முடிந்த இழையின் கடைசி நொடி. தேய்வுக்குக் காரணம் அதற்கு முந்தைய மணிகள். எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் இழை விரிந்து சுருங்குகிறது. படிகங்களுக்கு இடையே உள்ள எல்லைகள் தளர்கின்றன. ஆகவே லூஸ் ஹோல்டரில் விட்டுவிட்டு எரியும் பல்புக்குச் சுவிட்ச் வாதம் முழு வலுவோடு பொருந்துகிறது. ஒருமுறை போட்டால் மணிக்கணக்கில் எரியும் டிம் விளக்குக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

சாலையும் அதிர்வும்

இந்த வட்டாரத்தில் சாலையைக் குறை சொல்லும் விடைக்கு வலு அதிகம். டங்ஸ்டனின் குணம் சூட்டுக்கு ஏற்ப மாறுவது. எரியும்போது அது இளகி வளையும். புழங்கிப் புழங்கிப் படிக அமைப்பு மாறிய இழை குளிர்ந்திருக்கும்போது கண்ணாடியைப் போல நொறுங்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும் குலுக்கல், எரியும் இழையின் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கலாம். ஒட்டிய சுருள்களைத் தாண்டி மின்சாரம் குறுக்கே பாய்ந்தால் மீதி இழை அதிகச் சூடாகும். அணைந்திருக்கும் பல்பையோ ஓங்கிச் சாத்தும் பானெட்டே உடைக்கலாம். பொட்டாசியம் கலந்து தொய்வைக் குறைத்த டங்ஸ்டன் இழைகள் 1910களிலிருந்து உருவாகி வந்திருப்பதே, தொய்வும் அதிர்வும் எவ்வளவு பழைய தலைவலி என்பதைக் காட்டுகிறது.

லாரிகளுக்கு இது இன்னும் கடுமை. அவற்றில் மின்னமைப்பு 24 வோல்ட். கார் எச்4 பல்பின் பிரைட் இழை 12 வோல்ட்டில் 60 வாட், அதாவது 5 ஆம்பியர். லாரியின் 75 வாட் இழைக்கு 24 வோல்ட்டில் 3 ஆம்பியர் சொச்சமே பாய்கிறது. குறைந்த மின்னோட்டத்துக்கு இழை மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தாக வேண்டும். மெல்லிய நீண்ட சுருளே அதிர்வுக்கு எளிதில் பலியாகும். கார்க்காரரைவிட லாரி ஓட்டுநர் அடிக்கடி பல்பு மாற்றுவதற்கு அவர் ஓட்டும் விதம் மட்டும் காரணம் அல்ல; வோல்ட்டேஜ் தேர்விலேயே அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதிர்வு விடைக்கும் எல்லை உண்டு. ஒரே சாலையில், ஒரே வண்டியில், எப்போதும் ஒரு பக்கப் பல்பு மட்டும் போகிறது என்றால் அதைச் சாலையின் மேல் போட முடியாது. அந்தப் பக்க விளக்குக் கூட்டின் பிடிப்போ, பல்பை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்போ தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சாலையைப் பற்றிப் பேச வேண்டும்.

கைரேகை, ஈரம், ஹோல்டர்

கண்ணாடியைக் கையால் தொடாதே என்ற அறிவுரை எல்லாப் பெட்டியிலும் அச்சாகியிருக்கிறது. அதற்கு அடிப்படை உண்டு. வியர்வையில் உள்ள சோடிய உப்பு, கடும் சூட்டில் குவார்ட்ஸைப் படிகமாக்கி வெளுக்க வைக்கும். அந்த இடத்தில் கண்ணாடி வலுவிழக்கும். ஆனால் இதை எல்லாப் பல்பின் சாவுக்கும் காரணமாக்குவது மிகை. கைரேகையால் போன பல்பில் பால்போல வெளுத்த திட்டோ புடைப்போ தெரியும். அது இல்லாமல் இழை மட்டும் அறுந்திருந்தால், பல்பைப் பொருத்தியவரின் கை குற்றமற்றது. துணியாலோ காகிதத்தாலோ பிடிப்பது செலவில்லாத எச்சரிக்கை. ஆகவே அறிவுரை நல்லது, அதை நோய்நாடலாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

ஈரத்தின் கதை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குகிறது. விளக்குக் கூட்டின் பின்புற ரப்பர் மூடி கிழிந்திருந்தாலோ, பல்பு மாற்றியவர் அதைச் சரியாகப் போடாமல் விட்டிருந்தாலோ, தேங்கிய மழைநீரில் வண்டி இறங்கும்போது உள்ளே நீர் தெறிக்கும். சில நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும் கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழும். விரிசல் வழியே காற்று நுழைந்தால் இழை சில நொடிகளில் எரிந்து, உள்ளே வெள்ளை அல்லது மஞ்சள் பொடி படியும்.

ஹோல்டர் பற்றிய விடையில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தளர்ந்த இணைப்பும் துருப்பிடித்த எர்த்தும் மின்னழுத்தத்தைக் குறைக்கின்றன. குறைந்த மின்னழுத்தத்தில் விளக்கு மங்கும். இழையின் ஆயுள் குறையாது, கூடும். அப்படியானால் லூஸ் ஹோல்டர் பல்பைக் கெடுக்கிறது என்பது பொய்யா? இல்லை. அது இரண்டு வேறு வழிகளில் கெடுக்கிறது. விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் இழையைத் திரும்பத் திரும்பச் சூடேற்றிக் குளிர்விக்கிறது. இணைப்பில் எழும் சூடு பல்பின் காலையும் ஹோல்டரையும் கருக்குகிறது. 60 வாட்டுக்கான ஹோல்டரில் 100 வாட் பல்பைப் போடும் பழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது. இணைப்பில் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் அது ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. ஹோல்டர் உருகிய வண்டியில் நல்ல பல்பைப் போட்டாலும் அதுவும் போகும். பழி புதுப் பல்பின் மேல் விழும்.

வேண்டுமென்றே குறைக்கப்பட்ட ஆயுளா?

நிறுவனங்களின் சதி என்ற விடையை வெறும் வதந்தி என்று தள்ள முடியாது. 1924இல் உருவான ஃபீபஸ் கூட்டணியில் ஓஸ்ராம், ஃபிலிப்ஸ் போன்ற பெரிய தயாரிப்பாளர்கள் சேர்ந்து, வீட்டு பல்பின் ஆயுளை 1,000 மணிக்குக் கட்டுப்படுத்தினார்கள்; அதைத் தாண்டி எரியும் பல்பைச் செய்த உறுப்பினர்களுக்கு அபராதமும் விதித்தார்கள். இது ஆவணங்களில் பதிந்த வரலாறு. எதிர்த்தரப்பு சொல்வது: ஆயுளை நீட்ட இழையின் சூட்டைக் குறைக்க வேண்டும், குறைத்தால் ஒளி மங்கும், அதே ஒளிக்கு அதிக மின்சாரம் செலவாகும், ஆகவே 1,000 மணி ஒரு நியாயமான நடுநிலை. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். நடுநிலை நியாயமானது என்பதாலேயே அதை அபராதம் போட்டுக் காத்தது நியாயமாகிவிடாது.

ஆனால் ஹெட்லைட்டுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தவில்லை. வெளிச்சம் இங்கே வசதி அல்ல, உயிர். குறைந்த சூட்டில் பத்தாண்டு எரியும் மங்கலான பல்பு, இருட்டில் சாலையைக் கடக்கும் தொழிலாளியைச் சில மீட்டர் தாமதமாகக் காட்டும். மேலும், நீண்ட ஆயுள் என்றே பெயர் குறித்து விற்கும் ஹெட்லைட் பல்புகளும் சந்தையில் உண்டு. வாங்குபவர் எந்தப் பேரத்தை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆயுள் மணி பெட்டியின் மேல் தெளிவாக அச்சாகியிருந்தால் சதிக் குற்றச்சாட்டின் பாதி வலு போய்விடும். டூப்ளிகேட் பல்புகளின் சிக்கலும் இங்கேதான் சேர்கிறது. இழை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு இடம் மாறினாலே ஒளிக்கற்றை சிதறும். வாயு நிரப்பலில் சிக்கனம் செய்தால் தேய்வு வேகமாகும். விலையைத் தவிர வேறெதையும் காட்டாத பெட்டி, வாங்குபவருக்கு இதில் எதையும் சொல்வதில்லை.

போன பல்பு சொல்வது

இத்தனை விடைகளில் எது ஒரு குறிப்பிட்ட வண்டிக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்க நல்ல சான்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம். விபத்து நடந்த நேரத்தில் விளக்கு எரிந்ததா என்று அறியப் புலனாய்வாளர்கள் இழையை ஆராய்கிறார்கள்: சூடாக இருந்த இழை மோதலில் நீண்டு நெளிந்திருக்கும், குளிர்ந்த இழை கூர்மையாக முறிந்திருக்கும். அதே பாடத்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலும் படிக்கலாம். அறுந்த முனை உருண்டு மணிபோல் இருந்தால் தேய்வும் மின்னழுத்தமும். கண்ணாடி தெளிவாகவும் முறிவு கூராகவும் இருந்தால் அதிர்வு. உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் காற்றுக் கசிவு. பால் திட்டு இருந்தால் கைரேகை. கால்கள் பழுப்பேறியிருந்தால் ஹோல்டர். இவை தீர்ப்புகள் அல்ல, சுட்டிகள். இரண்டு காரணங்கள் சேர்ந்தும் வரலாம். அதனால்தான் கூடவே பல்பு முனையில் மின்னழுத்தம் அளப்பதும், எந்தப் பக்கம், எந்த இழை, எத்தனை மணி என்று குறித்து வைப்பதும் தேவையாகின்றன. பல வண்டிகளை வைத்திருக்கும் போக்குவரத்து ஒப்பந்தக்காரருக்கு இது ஒரு நோட்டுப் புத்தகச் செலவுதான்.

எல்இடி கேள்வியை முடித்துவிடுமா?

எல்இடி வந்ததோடு இந்த விவாதம் முடிந்தது என்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. அதில் ஆவியாகும் இழை இல்லை. அதிர்வு அதை அவ்வளவு வாட்டாது. ஆனால் அதன் பகை வெப்பம். சில்லின் பின்பக்கச் சூடு வெளியேறாவிட்டால் ஒளி மெல்ல மங்கும். மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் டிரைவர் பகுதி சில்லுக்கு முன்பே பழுதாகலாம். தொழிற்சாலையில் எல்இடிக்கென்றே வடிவமைத்த விளக்குக்கும், ஹாலஜனுக்கான பிரதிபலிப்பானில் பின்னர் செருகிய எல்இடி பல்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதில் ஒளி பிறக்கும் இடம் மாறிவிடுவதால் எதிரே வருபவரின் கண் கூசும். முதலாவதிலோ பல மாடல்களில் பல்பை மட்டும் மாற்ற வழியில்லை; முழு விளக்கையே மாற்ற வேண்டும். அடிக்கடி வந்த சிறு செலவு, எப்போதாவது வரும் பெருஞ்செலவாக மாறுகிறது.

மதிப்பீடு

இழை ஆவியாகித் தேய்வதே எல்லாப் பல்புக்கும் பொதுவான முடிவு என்பதும், மின்னழுத்தமே அந்தத் தேய்வின் வேகத்தை மற்ற எதையும்விட வலுவாக நிர்ணயிக்கிறது என்பதும் ஏறத்தாழ ஐயமற்றவை. அதிர்வு, ஈரம், கைரேகை, ஹோல்டர் ஆகியவை காலத்துக்கு முந்திய முடிவுகளை விளக்குகின்றன. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை விட்டுச் செல்வதால், அந்த அடையாளம் இல்லாத இடத்தில் அவற்றைச் சொல்லக் கூடாது. திறந்திருக்கும் கேள்விகளும் உண்டு. அதிர்வும் அதிக மின்னழுத்தமும் சேரும்போது விளைவு வெறும் கூட்டலா, ஒன்று மற்றதைப் பெருக்குகிறதா? 24 வோல்ட் லாரிகளில் சுவிட்ச் போடும் எண்ணிக்கைக்கும் சாலைக் குலுக்கலுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? எல்இடி விளக்கின் ஆய்வுக்கூட ஆயுள், பதினைந்து மழைக்காலம் கண்ட வண்டியிலும் நிற்குமா? வாகனங்களைச் சோதிக்கும் ஜிஏஆர்சி மையமும், வாகனங்களைச் செய்யும் தொழிற்சாலைகளும், அவற்றை ஓயாமல் ஓட்டும் சாலைகளும் சில கிலோமீட்டருக்குள் அமைந்திருக்கும் ஒரகடம் வட்டாரம் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளத் தகுந்த இடம். அதுவரை, போன பல்பை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பொருத்துவதே நம்மிடம் இருக்கும் நம்பகமான முறை.